தோத்த ஆட்டத்தைப் பார்க்கிற பூப்பி

உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் போதும், கச்சேரி ரோட்டு மசூதிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஆம்பிளைகள் எல்லாம் ஒரு பொம்பளையைத் தேடி வந்து நிற்பார்கள். "பூப்பி, இந்த வாட்டி எவன் கவுப்பான்?" கோப்பை யாருக்கு என்று அவளிடம் யாரும் கேட்கமாட்டார்கள். அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. பிரேசில் என்பான் ஒருத்தன், ஜெர்மனி என்பான் இன்னொருத்தன், ரெண்டில் ஒன்று நடந்தும் தொலையும். யாருமே சீண்டாத ஒரு நாடு எங்கிருந்தோ கிளம்பி வந்து ஒரு ஜாம்பவானைக் குப்புறத் தள்ளும் பாருங்கள், அது எந்த நாடு என்று முன்னாடியே சொல்வதுதான் பூப்பியின் வித்தை.

பூப்பி என்றால் அப்பாவோடு பிறந்த அத்தை. அவளுடைய சொந்தப் பெயர் அஸ்மத்துன்னிசா. தம்பி அப்துல் கஃபாரின் மகள் தபஸ்ஸும் கூப்பிட்டு, சந்து முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று பூப்பிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. தம்பிக்கோ கால்பந்துதான் உயிர். மந்தைவெளியில் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தான். கடைச் சுவரில் ஜெர்மனிக்காரர்கள் கோப்பையோடு நிற்கிற படம். "ஜெர்மன்காரன் மெஷின் மாதிரி ஆடுவான், ஆபா" என்று வாய் ஓயாமல் அக்காவிடம் சொல்வான்.

தொண்ணூறாம் வருஷம்தான் அவள் வித்தை வெளியில் தெரிந்தது. கேமரூன் என்கிற ஆப்பிரிக்க நாடு முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினாவையே ஜெயித்தபோது சந்தே துள்ளிக் குதித்தது. பூப்பி சட்டை செய்யவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதே கேமரூன் சோவியத் யூனியனிடம் நாலு கோல் வாங்கித் தோற்றதே, அன்றைக்குத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். எல்லோரும் உச்சுக் கொட்டி எழுந்து போனார்கள். "இனிமேதான் இவங்க போவாங்க பாரு" என்றாள். போனார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து எந்த அணியும் அதுவரை எட்டாத கால் இறுதிக்குப் போய், இங்கிலாந்துக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் அடங்கினார்கள்.

தப்பே சொன்னதில்லை என்று புளுகமாட்டேன். தொண்ணூத்தெட்டில் நைஜீரியா எழுந்து நிற்கும் என்றாள், டென்மார்க் நாலு கோல் போட்டு அனுப்பி வைத்தது. அதே வருஷம் அர்ஜென்டினாவிடம் தோற்ற குரோஷியாவைப் பார்த்துவிட்டு, "இவங்களை விட்டுடாதீங்க" என்றாள். அந்தக் குட்டி நாடு மூன்றாம் இடத்தைத் தட்டிக்கொண்டு போனது. இது எப்படி முடிகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் எதிர்த்த வீட்டு ரகுபதியும் ஒருத்தர். பாங்கில் வேலை, ஆட்டம் பார்க்க கஃபார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். "எல்லாரும் ஜெயிச்ச மேட்சைப் பாத்துண்டு ஜோசியம் சொல்றா. நீங்க தோத்த மேட்சை மட்டும் பாக்கறேளே, ஏன் பூப்பி?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனா, சொல்லிட்டுப் போற அன்னிக்கு எல்லா வீடும் நல்ல வீடுதான் ரகுபதி சார்" என்றாள் பூப்பி.

அவளுக்கு அந்த வட்டாரத்தில் இருந்த முதல் பேர் அதுதான். எந்த வீட்டில் வரன் பேசினாலும் பூப்பியை அனுப்பாமல் ஒரு முடிவு எடுக்கமாட்டார்கள். தரகு வேலை இல்லை, ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டாள். சொன்ன தேதிக்குப் போகாமல் அதற்கு முந்தின நாளோ, பிந்தின நாளோ, பக்கத்தில் எதற்கோ வந்த மாதிரி போய் நிற்பாள். அந்த வீட்டில் அன்றைக்கு ஏதாவது ஒன்று கெட்டுப்போகிற வரை உட்கார்ந்திருப்பாள். பால் பொங்கி வழியும், குழந்தை விழும், மின்சாரம் போகும். வீடு என்று இருந்தால் ஏதாவது ஒன்று கெடாமலா இருக்கும்? கெட்டதும் யார் யார் மூஞ்சியைப் பார்க்கிறார்கள், யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்துவிட்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அவ்வளவுதான் அவள் சாஸ்திரம்.

தொண்ணூத்து நாலு ஜூனில் அந்த சாஸ்திரம் அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. தபஸ்ஸுமுக்கு வரன். தாயில்லாப் பெண். நடக்கத் தொடங்கின வயதிலிருந்து பூப்பி தூக்கி வளர்த்தவள். பி.காம். முடித்திருந்தாள், நல்ல நிறம், நல்ல புத்தி, ஆனால் வாயில் ஈ புகுந்தாலும் பேசமாட்டாள். "உனக்கு என்னடி வேணும்?" என்று கேட்டால் "உன் இஷ்டம் பூப்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ரெண்டு இடம் வந்திருந்தது. ஒன்று அபிராமபுரத்தில் தோல் ஏற்றுமதி செய்கிற பெரிய குடும்பம். மாடி வீடு, ரெண்டு கார், பையனும் லட்சணம். இன்னொன்று சாந்தோமில், படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற ஃபைசான். மயிலாப்பூர் வீடுகளில் மாட்டியிருக்கிற சாமிப் படங்களில் பாதி அவன் கடையில் சட்டம் போட்டவைதான். கஃபாருக்கு அபிராமபுரத்து வீட்டு வாசலைப் பார்த்ததுமே தலை கிறுகிறுத்துவிட்டது.

பூப்பி ரெண்டு வீட்டுக்கும் போய்விட்டு வந்தாள், அவள் வழக்கப்படி, சொல்லாமல்.

"அபிராமபுரம் வேணாம்" என்றாள் வந்ததும்.

"ஏன் ஆபா? இன்னா குறை அவங்களுக்கு?"

"பெரிய மருமக டீ எடுத்துக்கினு வந்தா. கை தவறி ஒரு கப்பு விழுந்து உடைஞ்சிடுச்சு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை கஃபாரே."

"அது நல்லதுதானே! மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு கத்தற ஊர்ல, ஒரு வார்த்தை சொல்லலைன்னா அவங்க எப்பேர்ப்பட்ட மனுஷங்க!"

"மாமியார் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு மட்டும் தரையைப் பார்த்துக்கினே துண்டு துண்டா பொறுக்கிச்சு. உள்ள போனவ நான் கிளம்பற வரைக்கும் வெளிய வரலை. அவ எங்கன்னு ஒருத்தரும் கேக்கவும் இல்லை."

"சரி, சட்டம் போடறவன் வீடு?"

பூப்பி சிரித்துவிட்டாள். நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு, "இப்படியே வந்தேன்" என்று போய் நின்றாளாம். தெரு முனையிலேயே சத்தம் காதைப் பிளக்கிறது. அடுப்பில் இருந்த தால்ச்சாக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஃபைசானின் அம்மா வஜீஹா, "கண்ணை எங்கடி வெச்சிருந்தே?" என்று கத்துகிறாள். மூத்த மருமகள் விடுவாளா? "கரண்டியைப் பிடுங்கிக்கினு பக்கத்து வீட்டுக்குக் கதை பேசப் போனது யாரு அம்மீ?" என்று அதைவிட ஒரு படி மேலே கத்துகிறாள். சமாதானம் பண்ண வந்த ஃபைசானுக்கு ரெண்டு பக்கமும் செம டோஸ். பத்து நிமிஷத்தில் எல்லோரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து அந்தத் தீஞ்ச தால்ச்சாவையே சாப்பிட்டார்கள். மேலாக இருந்த நல்ல பாகத்தை வஜீஹா வழித்து, திட்டிக்கொண்டேதான், மருமகள் தட்டில் போட்டாள்.

"நானும் சாப்பிட்டேன். கருகல்தான், நல்லாவே இல்லை" என்றாள் பூப்பி. "நம்ம பொண்ணு அங்கதான் போவணும்."

கஃபார் தலையில் கை வைத்துக்கொண்டான். "மாமியாரை எதிர்த்துப் பேசற வீட்டுக்கா? ஆயிரம் காலத்துப் பயிரைக் கொண்டு போய் ரவுடிப் பேட்டையில நடச் சொல்றியே ஆபா! உனக்கு இன்னா ஆயிடுச்சு?" ஜூலை பாதிக்குள் பதில் வேண்டும் என்று அபிராமபுரத்தார் கேட்டிருந்தார்கள். அக்கா பேச்சைத் தட்டவும் மனசில்லை, பெரிய இடத்தை விடவும் மனசில்லை. மனுஷன் ராத்திரி தூங்காமல் புரண்டான்.

அப்போது அமெரிக்காவில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் விடியற்காலையில், ஃபஜர் தொழுகை முடித்து பூப்பி டீயோடு வந்து உட்கார்ந்தபோது டி.வி.யில் பல்கேரியாவும் நைஜீரியாவும் ஆடிக்கொண்டிருந்தன. பல்கேரியா பல உலகக் கோப்பைகளுக்கு வந்தும் ஒரே ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அன்றைக்கும் மூணு கோல் வாங்கியது. கஃபார் கொட்டாவி விட்டான். பூப்பி மட்டும் டீ ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு அந்த ஆட்டக்காரர்கள் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்த மாதிரி தெரிந்தது. கத்திவிட்டு, அதே ஆளிடமே பந்தைக் கொடுக்கவும் செய்தார்கள்.

"கஃபாரே, இவங்க ரொம்ப தூரம் போவாங்க."

கஃபாருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. "மூணு கோல் வாங்கிக்கினு ஒருத்தனோட ஒருத்தன் அடிச்சிக்கிறான், இவனா?"

"வாயுள்ள புள்ளை பொழைக்கும். மனசுல வெச்சுக்கினு சிரிக்கிறவன்தான் அடுத்த நாள் கவுந்து விழுவான்."

அங்கேதான் கஃபாருக்கு ஒரு வழி கிடைத்தது, அக்காவை நோகடிக்காமல் நழுவுகிற வழி. "சரி ஆபா, பந்தயம். உன் சண்டைக்கார டீம் எது வரைக்கும் போவுதுன்னு பார்ப்போம். என் ஜெர்மனிக்கு முன்னாடி அது வெளிய வந்துட்டா, அன்னிக்கே நான் அபிராமபுரத்துக்குச் சரி சொல்லிடுவேன். நீ குறுக்க பேசக் கூடாது." ஒரு வாரத்தில் மூட்டையைக் கட்டிவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. பூப்பி பந்தயத்துக்கு ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தபஸ்ஸும் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்த மூணு வாரமும் அந்த வீட்டைப் பார்க்கக் கண் ரெண்டு போதாது. பல்கேரியா கிரீஸை நாலு கோலில் உரித்துத் தொங்கவிட்டது. ரகுபதி காலையில் பேப்பரை ஆட்டிக்கொண்டே வந்து, "பூப்பி, ஜன்மத்துலேயே மொதல் தடவையா ஜெயிச்சுட்டா!" என்றார். அடுத்து அர்ஜென்டினா. அதையும் சாய்த்தார்கள். கஃபார் பேச்சு குறைந்தது. அப்புறம் மெக்சிகோ, பெனால்டி உதை வரை போய் அதிலும் தப்பித்தார்கள். கடையில் தைக்கிற சீட் கவரெல்லாம் கோணல் போக ஆரம்பித்தது. கடைசியில் கால் இறுதியில் யாரோடு மோதினார்கள் தெரியுமா? ஜெர்மனியோடு! கோப்பை வைத்திருந்த ஜெர்மனியோடு! கஃபார் நிம்மதியாக மூச்சு விட்டான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி இஷா தொழுகை முடிந்து வந்தவர்கள் அப்படியே கஃபார் வீட்டில் நுழைந்துவிட்டார்கள். ரகுபதி வீட்டிலிருந்து ஒரு டப்பா முறுக்கு வந்தது. பூப்பி கூடத்துக் கதவை ஒட்டி, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பக்கத்தில் தபஸ்ஸும். பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்தாள் பூப்பி, ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கே சுருக்கென்றது. ஊரே ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இவளோ தன் வாழ்க்கை எந்த வீட்டில் போய் விழப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இடைவேளை முடிந்து வந்ததும் ஜெர்மனிக்குப் பெனால்டி. கோல். கஃபார் எழுந்து நின்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். நேரம் போனது, முறுக்கு தீர்ந்தது, ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தே போனது. கடைசிக் கால் மணி நேரத்தில் பல்கேரியாவுக்கு ஒரு ஃப்ரீ கிக். தடுப்பாக நின்ற ஆட்கள் தலைக்கு மேலே வளைந்து போய் விழுந்தது பந்து. ஒன்றுக்கு ஒன்று! கூடத்தில் யாரும் உட்காரவில்லை. மூணே நிமிஷம், ஒரு வழுக்கைத் தலைக்காரன் பாய்ந்து வந்து தலையால் முட்டினான் பாருங்கள், அடேயப்பா! ரகுபதி வேஷ்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் குதித்தார். ரெண்டுக்கு ஒன்று. யானைக்கும் அடி சறுக்கும் என்பது அன்றைக்கு நடந்தது. ஜெர்மனி வீட்டுக்குக் கிளம்பியது.

எல்லோரும் போன பிறகு கஃபார் டி.வி.யை அணைத்தான். பிறகு எழுந்து வந்து, "சரி ஆபா. நீ ஜெயிச்சுட்டே. ஃபைசானுக்கே குடுத்துடலாம்" என்றான்.

பூப்பிக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "அந்த வழுக்கையன் தலையில பந்து படாம போயிருந்தா? என் பொண்ணை அந்த வீட்ல தள்ளியிருப்பே, இல்லே?"

"நீதானே சொன்னே..."

"நான் வீட்டைப் பார்த்துச் சொன்னேன்! நீ பந்தைப் பார்த்துச் சரிங்கறே!" காலி முறுக்கு டப்பாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். "ஆம்பூர்ல என்னைக் குடுத்தாங்களே, அப்பா ஏன் அந்த வீட்டுக்கு மயங்கினாரு தெரியுமா? ஒருத்தர் குரலும் உசரலையாம், அவ்வளவு மரியாதையான குடும்பமாம். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். குழந்தை நிக்கலைன்னு ஒருத்தரும் என்னைத் திட்டலை. ஆனா எனக்குத் தட்டு வைக்க மறந்துடுவாங்க. நான் உள்ள வந்தா பேச்சு நின்னுடும். எல்லாரும் சிரிச்ச மூஞ்சிதான். வீட்டுக்காரரு மௌத்தாகி, நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிச்ச அன்னிக்கு, என் பெட்டியை வாசல்ல கொண்டாந்து வெச்சு, ஆட்டோவும் கூப்பிட்டு வெச்சிருந்தாங்க. அப்பவும் ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஒருத்தராவது திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்."

தம்பிக்கு இது எதுவும் தெரியாது. விதவையாகி வந்த அக்கா என்று மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

"அவளே வந்து பார்க்கட்டும்" என்றாள் பூப்பி. "நான் பார்த்ததும் போதாது, நீ பந்தயத்துல தோத்ததும் போதாது. வாழப் போறவ அவ."

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதா! எந்த வீட்டிலும் நடக்காத காரியம். தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கஃபார் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

ரெண்டு நாள் கழித்து, தபஸ்ஸுமுக்கு புர்கா போட்டு, மீன் வாங்குகிற சாக்கில் கூட்டிக்கொண்டு போனாள் பூப்பி. அங்கே அன்றைக்கும் ஏதாவது கெட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வீண் போகவில்லை. வஜீஹா வீட்டில் அன்றைக்கும் யுத்தம். மொட்டை மாடியில் உலர்த்தியிருந்த துணியெல்லாம் மழையில் நனைந்து கிடக்கிறது. எடுக்க வேண்டியது யார் என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் வழக்கு. பூப்பியைப் பார்த்ததும் வஜீஹாவுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். "வாங்க ஆபா, உக்காருங்க, நல்ல நேரத்துல வந்தீங்க!" என்றவள், பின்னால் நின்ற பெண் யார் என்றுகூடக் கேட்காமல் அவளிடமே வழக்கைக் கொண்டு போனாள். "நீயே சொல்லும்மா. வானம் கறுத்துக்கினு வருது, நான் தொழுதுக்கினு இருக்கேன். துணி எடுக்க வேண்டியது யாரு? இவளா, நானா?"

பூப்பி தபஸ்ஸுமைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பெண் வழக்கப்படி தலையைக் குனிந்துகொள்ளும், இல்லையென்றால் "உங்க இஷ்டம்" என்று சொல்லும் என்று நினைத்தாள்.

தபஸ்ஸும் முகத்திரையை மேலே தூக்கிவிட்டாள். மருமகள் இடுப்பில் இருந்த கைக்குழந்தையைப் பார்த்தாள், வஜீஹாவைப் பார்த்தாள். "வானம் கறுத்ததை நீங்க பார்த்தீங்கல்ல, அத்தை? பார்த்தவங்கதான் எடுக்கணும். இல்லைன்னா இவங்களைக் கூப்பிட்டாவது சொல்லணும். தப்பு உங்க மேலதான்" என்றாள்.

வீடு அப்படியே அமைதியாகிவிட்டது.

அந்த அமைதி பூப்பிக்குத் தெரியும். வருஷக்கணக்காக அதில் கிடந்தவள். இப்போது சிரிப்பார்கள், வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள், அதோடு முடிந்தது என்று அவள் கை தானாக மீன் பையைத் தேடியது. யா அல்லாஹ், நானே என் குழந்தையைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"இன்னாடி இது!" என்று வெடித்தாள் வஜீஹா. "என் வீட்டுக்குள்ள வந்து, என் மூஞ்சியைப் பார்த்து, எனக்கே தீர்ப்பு சொல்றா! யாரு ஆபா இந்தப் பொண்ணு?" பூப்பி பதில் சொல்வதற்குள் வஜீஹா தபஸ்ஸுமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து நடந்தாள். "தீர்ப்பு சொல்லத் தெரியுதில்ல? வா, வந்து துணியைப் பிழி. ஏய், நீயும் குழந்தையை ஆபாகிட்ட குடுத்துட்டு வாடி, உனக்கு வேற தனியா வெத்தலை பாக்கு வைக்கணுமா?"

மூணு பேரும் மேலே போனார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பூப்பி கீழே உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து மூணு குரல் கேட்டது, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. மூன்றில் உசந்த குரல் யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் வளர்த்தாளே, தபஸ்ஸுமுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.